விசா எடுக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை: ராமநாதபுரம் கரையிலிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கு

நம் கரையிலிருந்து வெளிநாடு போவது புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த காலத்தில் மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, உடம்பைச் சோதித்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் சபுராளி (கடல் கடந்து பிழைக்கப் போனவர்) இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். தங்கச்சிமடம், பாம்பன், மூக்கையூர்ப் பையன்கள் பஹ்ரைனுக்கும் சவூதிக்கும் மீன்பிடிக்கப் போகிறார்கள். அதனால் எப்படிப் போவது என்று சொல்லிக்கொடுக்க ஊரில் ஆள் நிறைய உண்டு. போன பிறகு அங்கேயே இருக்க முடியுமா, பெண்டாட்டி பிள்ளையைக் கூப்பிட முடியுமா என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும்.

விண்ணப்பம் நிரப்ப என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த நாட்டு விசா சீக்கிரம் கிடைக்கும்?" நான் திருப்பிக் கேட்பது, "அஞ்சு வருஷம் கழிச்சு அந்த விசா என்னவா மாறும்?"

சில விசாக்களில் நீங்கள் இருக்கிற ஒவ்வொரு வருடமும் நிரந்தரக் குடியிருப்புக் கணக்கில் சேரும். வேறு சில விசாக்களில் முப்பது வருடம் உழைத்தாலும் வேலை முடிந்த அன்று பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இரண்டாவது வகையில் போவது தப்பில்லை. வீடு கட்டவும் தங்கச்சி கல்யாணத்தை முடிக்கவும் அதுவே போதும். ஆனால் எந்த வகையில் போகிறோம் என்று தெரியாமல் போகக்கூடாது.

முதல் படி: பிழைக்கவா, குடியேறவா?

வளைகுடா நாடுகள் பிழைக்கப் போகிற இடம். துபாயில் வேலை விசா பொதுவாக 2 வருடத்துக்கு. வேலை இருந்தால் புதுப்பிப்பார்கள். எத்தனை முறை புதுப்பித்தாலும் அது குடியுரிமைக்கு வழி ஆகாது. 2019 முதல் அமீரகம் 10 வருட கோல்டன் விசா கொடுக்கிறது. 20 லட்சம் திர்ஹமுக்கு சொத்து வாங்கியவர்கள், பெரிய சம்பளக்காரர்கள், டாக்டர்கள், விஞ்ஞானிகள் போன்றவர்களுக்கானது அது. 5 வருட கிரீன் விசாவில் வேலைக்காரர் பிரிவுக்குப் பட்டமும் மாதம் 15,000 திர்ஹம் சம்பளமும் வேண்டும். சவூதியின் பிரீமியம் இக்காமாவுக்கு (இக்காமா என்பது அங்கே குடியிருக்கும் அனுமதி) நிரந்தரமாக என்றால் 8 லட்சம் ரியால், வருடா வருடம் என்றால் 1 லட்சம் ரியால். அந்தப் பணம் இருக்கிறவர் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

மலேசியாவில் கூலி வேலைக்குக் கொடுக்கிற பெர்மிட்டில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, அங்கே கல்யாணம் செய்யவும் முடியாது. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்காரர் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) கேட்டு விண்ணப்பிக்க முடியாது. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர் கேட்கலாம். கிடைப்பது அரசாங்கத்தின் இஷ்டம். எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பரிலிருந்து மாதம் குறைந்தது 3,300 வெள்ளியும், எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து 5,600 வெள்ளியும் சம்பளம் இருக்க வேண்டும். வயது கூடக்கூட இந்தத் தொகையும் கூடும். ஆகவே "சிங்கப்பூர் விசா" என்று மட்டும் சொல்கிற ஏஜென்டிடம் எந்தப் பாஸ் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் அது ஒர்க் பெர்மிட்தான்.

இரண்டாம் படி: உங்கள் காகிதங்கள்

இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். நாடு தேர்ந்தெடுக்குமுன் இதைச் சரி செய்யுங்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் "எஸ். முகம்மது" என்று இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் விரிந்து முன்னால் நிற்கும், பாஸ்போர்ட்டில் அது பின்னால் போயிருக்கும். "செய்யது" என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதி, மூன்று காகிதத்திலும் மூன்று விதமாக வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துபாய்க்கு வேலைக்குப் போகும்போது இது பெரிதாகத் தெரியாது. கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பிக்கும்போது மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சொல்வார்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் வைத்திருப்பதும் ஆபத்து. 2022 நவம்பரில் அமீரகம் அப்படிப்பட்டவர்களை விசிட், டூரிஸ்ட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் விட்டுவிடுகிறார்கள். ஆனாலும் புதுப்பிக்கும்போதே குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடுங்கள். நம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது.

அப்புறம் கல்யாணச் சான்று. ஜமாஅத் தப்தரில் கையெழுத்துப் போட்டாச்சு, கோயிலில் தாலி கட்டியாச்சு, சர்ச்சில் பதிந்தாச்சு என்று விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்த மதக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பல வருடம் கழித்து மனைவிக்கு விசா எடுக்கும்போது இந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள். மாப்பிள்ளை ஊரில் இருக்கும்போதே, விருந்துக்கு அலைகிற வாரத்திலேயே இதையும் முடித்துவிடுங்கள்.

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருக்கும். அவர்கள் சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசாங்கத்தின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். இதை ஏதோ தொல்லை போல ஏஜென்டுகள் பேசுவார்கள். உண்மையில் அது நமக்குப் பாதுகாப்பு: ஒப்பந்தமும் சம்பளமும் முதலாளி பெயரும் அரசாங்கப் பதிவில் ஏறுகின்றன. கூடவே எடுக்கிற பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டுக்கு 2 வருடத்துக்கு 275 ரூபாய், 3 வருடத்துக்கு 375 ரூபாய்தான். விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டோடு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு வயது 30 நிறைந்திருக்க வேண்டும், அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கு அது ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன்.

ஈரான் அந்த 18 நாட்டுப் பட்டியலில் இல்லை. அதனால் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டோடு மீன்பிடிக்க ஈரான் போகிறவரை விமான நிலையத்தில் யாரும் அந்த அனுமதி கேட்டு நிறுத்த மாட்டார்கள். பலரும் "ஈஸியா போயிடலாம்" என்று ஈரானைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2020இல் கொரோனா நேரத்தில் அங்கே சம்பளமும் இல்லாமல், திரும்ப விமானமும் இல்லாமல் நின்றவர்களை பந்தர் அப்பாஸிலிருந்து கடற்படைக் கப்பல் ஜலஷ்வா தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

எட்டாவதோடு படகுக்குப் போன பையன்கள் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதிவிடுவது நல்லது. இ.சி.ஆர். போவது ஒருபுறம் இருக்க, பெரும்பாலான நாடுகளின் குடியேற்றக் கணக்கில் படிப்புச் சான்று இல்லாமல் நகர்வது கஷ்டம்.

மூன்றாம் படி: விசாத் தாளைப் படியுங்கள்

ஒரு பையன் சவூதி விசாவின் பிரிண்டைக் கொண்டுவந்தான். ரியாத்தில் சூப்பர் மார்க்கெட் வேலை, 1,500 ரியால், சாப்பாடு தங்குமிடம் இலவசம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். தாளில் மூன்று இடத்தைப் பார்த்தேன். முதலாளி பெயர் இருக்கிற இடத்தில் கம்பெனி இல்லை, ஒரு தனி ஆள். தொழில் என்ற இடத்தில் அரபியில் "சாயிக் ஹாஸ்", அதாவது வீட்டு டிரைவர். பையனுக்கு டிவிஎஸ் பிஃப்டி தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது. மூன்றாவது, சம்பளம் எழுதிய ஒப்பந்தம் கூடவே இல்லை.

இதைத்தான் ஊரில் ஃப்ரீ விசா, ஆசாத் விசா என்கிறார்கள். கஃபீல், அதாவது விசா எடுத்துத் தருகிற முதலாளி, பேருக்குத்தான் ஸ்பான்சர். அவருக்கு வருடா வருடம் பணம் கட்டிவிட்டு வெளியே கிடைத்த வேலையைச் செய்வது. எந்த வளைகுடா நாட்டிலும் இது சட்டப்படி இல்லை. வீட்டு டிரைவர் விசாக்காரர் சவூதியில் பொதுத் தொழிலாளர் சட்டத்துக்குள் வர மாட்டார், அவர்களுக்குத் தனி விதிகள். கடையில் நிற்கும்போது சோதனை வந்தால் பிடிபடுவது பையன். கஃபீலுக்குக் கோபம் வந்து "ஓடிப்போய்விட்டான்" என்று ஹுரூப் போட்டால் இக்காமா செல்லாது. ஒரு அண்ணன் இப்படிப் போய் நல்லா இருக்கிறார் என்று யாராவது சொல்வார்கள். இருக்கட்டும், ஹுரூப்பில் மாட்டித் திரும்பி வந்தவர் அதைத் தெருவில் சொல்லிக்கொண்டு திரிய மாட்டார்.

மீன்பிடி விசாவுக்கு இன்னும் சில கேள்விகள். மாதச் சம்பளமா, பங்கா? பங்கு என்றால் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்த பிறகா, முன்பா? மீன் குறைந்த மாதத்தில் கையில் என்ன நிற்கும்? வளைகுடாவில் ஒரு நாட்டுக் கடலுக்கும் அடுத்த நாட்டுக் கடலுக்கும் இடையில் தூரம் அதிகமில்லை. எல்லை தாண்டினால் ஜெயிலுக்குப் போவது படகில் இருக்கிறவர், கரையில் இருக்கிற முதலாளி அல்ல. நெடுந்தீவுப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அபராதத்தையும் வக்கீல் செலவையும் யார் கட்டுவது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

விசிட் விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்கிறவர்களுக்கு: தேடலாம், சேரக் கூடாது. வேலை விசா அடிக்காமல் ஒரு நாள் நின்றாலும் குற்றம். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கம்போடியாவில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம், இன்டர்வியூ வாட்ஸ்அப்பில் என்று வந்தால் அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள். மியான்மர், லாவோஸ் எல்லைகளில் சைபர் மோசடிக் கூடாரங்களில் அடைபட்டு மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு.

நான்காம் படி: ஏஜென்டும் பணமும்

ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு இ-மைக்ரேட் தளத்தில் தட்டிப் பாருங்கள். செல்லுபடி ஆகிறதா, ரத்தா என்று காட்டும். சப்-ஏஜென்ட் என்று ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்து ஆள் சேர்ப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், மேலே ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. அதற்கு ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று நகையை அடகு வைத்துக் கொடுப்பதெல்லாம் விசா வியாபாரம். கொடுத்தே தீருவேன் என்றால் பேங்க் வழியாகக் கொடுங்கள். ரொக்கமாகப் போனால் அப்புறம் போலீஸிடம் காட்ட ஒரு தாளும் இருக்காது.

கப்பல் வேலைக்கும் இதே எச்சரிக்கை. சி.டி.சி. (கப்பல் தொழிலாளர் அடையாளப் புத்தகம்) வாங்கி வேலையும் தருகிறேன் என்பவர் கப்பல் துறை இயக்குநரகத்தில் உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். கப்பலில் கழித்த வருடம் பொதுவாக எந்த நாட்டிலும் குடியிருந்த வருடமாகக் கணக்கில் வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஐந்தாம் படி: வருடம் கணக்கில் சேருகிற நாடுகள்

கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற முறை 2015 முதல் இருக்கிறது. வேலை கையில் இல்லாமலேயே பி.ஆர். கேட்கலாம். வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் புள்ளி. வயதுக்கு 20 முதல் 29 வரை முழுப் புள்ளி, 45 ஆனால் பூஜ்யம். இங்கிருந்து நேராகப் போகிற திறன் தொழிலாளர் பிரிவில் தகுதி பெறவே 100க்கு 67 வேண்டும். அது வாசல்தான், அழைப்பு வர இன்னும் அதிகம் வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் புள்ளி குறைவது பெரும்பாலும் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில். படிப்பு போதும் என்று நினைத்துக்கொண்டு அதற்கு ஒரு மாதம்தான் ஒதுக்குகிறார்கள். நான் சொன்னால் ஆறு மாதம். "வேலைக் கடிதம் வாங்கித் தருகிறேன், புள்ளி ஏறும்" என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். அந்தப் புள்ளியை 2025 மார்ச்சில் கனடா எடுத்துவிட்டது. மாகாணங்கள் தனியாக ஆள் எடுப்பதும் உண்டு, அதையும் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவில் அழைப்பு வரும்போது வயது 45க்குள் இருக்க வேண்டும், குறைந்தது 65 புள்ளி. வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்ற ஐ.டி.ஐ. தொழில்களுக்கும் இங்கே இடம் உண்டு. ஆனால் தொழில் திறனை அவர்கள் சொல்கிற அமைப்பிடம் மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும், அதற்குச் சம்பளச் சீட்டு, அனுபவச் சான்று எல்லாம் வேண்டும். துபாயில் பத்து வருடம் வெல்டிங் செய்தவரிடம் ஒரு தாளும் இருக்காது. இப்போது வளைகுடாவில் இருப்பவர்கள் இன்றே சேர்த்துவைக்கத் தொடங்குங்கள். 491 என்ற விசாவில் பெரிய நகரங்களுக்கு வெளியே 3 வருடம் வேலை செய்து குடியிருந்தால் நிரந்தர விசாவுக்கு மாறலாம்.

ஜெர்மனி நர்ஸ்களுக்கு நல்ல வழி. மொழிதான் கதவு: நர்ஸ் உரிமத்துக்கு பி2 அளவு ஜெர்மன் வேண்டும் (ஏ1 தொடக்க நிலை, பி1 நடுத்தரம், பி2 அதற்கு மேல்). பட்டதாரிகளுக்கான புளூ கார்டில் பி1 ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்திலும், ஏ1 மட்டும் என்றால் 27 மாதத்திலும் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். இவ்வளவு குறுகிய கணக்கு பெரிய நாடுகளில் அபூர்வம். அதனால் பரமக்குடியிலோ ராமநாதபுரத்திலோ நர்சிங் படிக்கிற பெண்ணிடம் நான் முதலில் சொல்வது, படிக்கும்போதே ஜெர்மன் தொடங்கு என்பதுதான்.

இங்கிலாந்தைப் பற்றி இங்கே பழைய தகவலே ஓடுகிறது. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டார்கள். இன்னமும் "கேர் விசா" விற்கிறவர் பொய் சொல்கிறார். திறன் தொழிலாளர் விசாவுக்குப் பொதுவாக 41,700 பவுன் ஆண்டுச் சம்பளம் வேண்டும். 5 வருடத்தில் நிரந்தரக் குடியிருப்பு என்று இருந்ததைப் பொதுவாக 10 ஆக்கப் போவதாக 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு சொன்னது. போகிறவர் 10 என்றே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். மாணவர் விசாவில் இருக்கும் வருடங்கள் அந்த 5 வருடக் கணக்கில் சேராது. தென்னந்தோப்பை விற்று மகனை முதுகலை படிக்க அனுப்புமுன் அப்பாமார்கள் இதை இரண்டு தரம் படிக்க வேண்டும்.

அமெரிக்காவுக்கு ஒரு வரி: எந்த நாட்டவருக்கும் கிரீன் கார்டு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பால் இந்தியர் வரிசை பல பத்தாண்டு நீளம்.

ஆறாம் படி: நாள் கணக்கு

பி.ஆர். கிடைத்த பிறகு ஊரில் வந்து வருடக்கணக்கில் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கனடா பி.ஆர். நிலைக்க 5 வருடத்தில் 730 நாள் அங்கே இருக்க வேண்டும். குடியுரிமைக்கு 5 வருடத்தில் 1,095 நாள். இங்கிலாந்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கிறவர் எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. அமீரகத்தில் சாதாரண விசா 180 நாள் வெளியே இருந்தால் போய்விடும். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு வந்து, அப்படியே மச்சான் கல்யாணம் வரை இருந்து, அதற்குப் பிறகு வாப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நாள் ஓடிவிடும். வந்த தேதி, போன தேதியை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

குடும்பத்தைக் கூப்பிட அமீரகத்தில் மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் கம்பெனி தங்குமிடமும் வேண்டும். சிங்கப்பூரில் மனைவி பிள்ளைக்கு டிபென்டன்ட் பாஸ் எடுக்க மாதம் 6,000 வெள்ளி சம்பளம். அப்பா அம்மாவைக் கூப்பிடுவது எங்கும் கடினம், இங்கிலாந்தில் கிட்டத்தட்ட முடியாது.

வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமை நமக்கு இல்லை. ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை எடுத்தால் வந்து போகலாம், வீடு வாங்கலாம். விவசாய நிலமும் தோப்பும் வாங்க முடியாது. பரம்பரையாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை பாக்கி இருந்தால் அதை முன்னாலேயே பேசி முடியுங்கள்.

மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அவர்கள் வெளியே போக வெளியேறும் அனுமதி வேண்டும், பயணத்துக்கு இலங்கை பாஸ்போர்ட்டைச் சென்னையில் உள்ள துணைத் தூதரகத்தில் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் பாருங்கள்: 1950 ஜனவரி 26 முதல், 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் இந்தியக் குடிமகன், பெற்றோர் யாராக இருந்தாலும். அந்த அடிப்படையில் மண்டபம் முகாமில் பிறந்த ஒருவருக்கு பாஸ்போர்ட் கொடுக்க 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பிறப்புச் சான்றைத் தேடி எடுங்கள்.

கிளம்பும் முன் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு எல்லாவற்றையும் நகல் எடுத்து வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். போகிற ஊர் இந்தியத் தூதரகத்தின் நம்பரையும் அதிலேயே எழுதுங்கள். அங்கே போனதும் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால், சம்பளம் இரண்டு மாதம் வராவிட்டால், வீட்டில் இருப்பவர் வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம், அல்லது 1800 11 3090 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம். கூப்பிடும்போது பாஸ்போர்ட் எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.